வாசகர் கேள்விகள்: மேஜ் ஏன் சீக்கிரம் சாகிறார்?

பழைய ஃபேண்டஸி ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: எந்த கிளாஸ் (கேமில் நம் ஆளின் தொழில்) நல்ல கிளாஸ்? அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணே, பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தை மேஜ் என்கிற மந்திரவாதியை வைத்து ஆரம்பித்தேன். ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்கிற சத்திரத்துப் படிக்கட்டில் ஏறும்போதே ஒருத்தன் வந்து கொன்றுவிடுகிறான். திரும்பத் திரும்ப அதேதான் நடக்கிறது. ஆனால் விளையாடி முடித்தவர்கள் எல்லோரும் மேஜ்தான் பலம் என்கிறார்கள். யார் சொல்வது சரி? (கல்லூரி மாணவர், தக்கலை)

பதில்: உங்களைக் கொல்ல வந்தவன் யார் என்று கவனித்தீர்களா தம்பி? அவன் பெயர் டார்னேஷ், அவனும் ஒரு மேஜ்தான். மிரர் இமேஜ் போட்டுத் தன்னைப் போலவே சில உருவங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான், அடுத்து ஹாரர் என்ற ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, வீசுகிறான், உங்கள் ஆட்கள் பயந்து ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள், அவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒற்றை ஆள் ஒரு கூட்டத்தையே கலைத்துவிட்டான். மேஜால் என்ன செய்ய முடியும் என்பதை கேம் உங்களுக்கு ஆரம்பத்திலேயே காட்டிவிட்டது, எதிராளியின் கையில் கொடுத்துக் காட்டியிருக்கிறது. அவன் லெவலில் உங்களுக்கு மூத்தவன் என்பதுதான் வித்தியாசம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். 1998இல் வந்த இந்த கேம் அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பின் விதிகளில் ஓடுகிறது. உயிர்ப் புள்ளிக்கு ஃபைட்டர் லெவலுக்கு லெவல் பத்து முகப் பகடையை உருட்டுகிறார், கிளரிக் என்கிற பூசாரி எட்டு முகம், தீஃப் என்கிற திருடர் ஆறு முகம், மேஜ் நான்கு முகம். கான்ஸ்டிட்யூஷன் என்கிற உடல் உறுதியை 18 வைத்தாலும் மேஜுக்கு லெவலுக்கு இரண்டு புள்ளிதான் கூடும், நான்கு கூடுவது ஃபைட்டர் வகையறாவுக்கு மட்டும். ஆக முதல் லெவலில் மேஜ் ஒரு அடி தாங்க மாட்டார். கையில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்பெல், அதைப் போட்டுவிட்டால் தூங்கி எழுந்த பிறகுதான் அடுத்தது.

இனி அனுபவப் புள்ளி. இரண்டாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 2,000 போதும், மேஜுக்கு 2,500 வேண்டும். ஐந்தாம் லெவலுக்கு ஃபைட்டருக்கு 16,000, மேஜுக்கு 20,000. இதுவரை மேஜ் பின்தங்கித்தான் வருகிறார். ஆனால் அந்த 20,000இல் மூன்றாம் படி ஸ்பெல் திறக்கிறது, அதில்தான் ஃபயர்பால் என்கிற நெருப்புப் பந்து இருக்கிறது. அதற்குப் பிறகு ஏழாம் லெவலைப் பாருங்கள், மேஜ் 60,000இல் தொடுகிறார், ஃபைட்டருக்கு 64,000 ஆகிறது. முந்திவிட்டார்! பதினோராம் லெவல் வரை இடைவெளி கூடிக்கொண்டுதான் போகும்.

என்னை மிகவும் கவர்ந்த இன்னொரு விஷயம் சொல்கிறேன். முதல் பாகம் 1998இல் வந்த வடிவத்தில் அனுபவப் புள்ளி 89,000க்கு மேல் ஏறாது. மேஜின் எட்டாம் லெவலுக்கு வேண்டியது 90,000. இரண்டாயிரத்தில் வந்த இரண்டாம் பாகத்தில் எல்லை 29,50,000. மேஜுக்கு ஒன்பதாம் படி ஸ்பெல் கிடைக்கிற பதினெட்டாம் லெவலுக்கு வேண்டியது 30,00,000. இரண்டு தடவையும் மேஜ் அடுத்த லெவலைத் தொடப்போகிற இடத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. இந்த கிளாஸ் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தவர்கள் போட்ட எல்லை இது.

ஆகவே ஒரு கிளாஸ் பலமா என்று கேட்கும்போது எப்போது பலம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஃபைட்டரின் பலம் முதல் நிமிஷத்திலேயே இருக்கிறது, மேஜின் பலம் பாதிக் கதைக்குப் பிறகு வருகிறது, தீஃபின் பலம் சில அறைகளில் மட்டும் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டைகள் தேவையே இல்லை.

இனி உங்கள் படிக்கட்டு. முதல் ஸ்பெல்லாக எதிரிகளைத் தூங்க வைக்கும் ஸ்லீப் எடுங்கள், ஆரம்ப லெவல் எதிரிகள் கூட்டமாக வந்தால் அதைவிட நல்ல ஸ்பெல் கிடையாது. ஓய்வு நேரத்தில் கவண் வைத்து அடியுங்கள். கிளம்பியதும் உங்களோடு சேரும் இமோயென் கையில் மேஜிக் மிசைல் வீசும் மந்திரக் கோல் ஒன்று இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொண்டு டார்னேஷ் மந்திரம் சொல்ல ஆரம்பித்ததும் அவனை அடியுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் ஸ்பெல் கலைந்துவிடும். உங்களுக்கும் அதே விதிதான், அதனால் எப்போதும் யார் பின்னாலாவது நின்றுதான் மந்திரம் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு லீவில் இந்த கேம்தான் ஆடுகிறான். எனக்கும் கூட உட்கார்ந்து பார்க்க ஆசை. "அம்மா, என் தாக்கோ 14 ஆயிட்டு" என்று சந்தோஷமாகச் சொன்னான், எண் குறைந்ததற்கு ஏன் சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. (இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, உங்கள் மகன் சந்தோஷப்பட்டது சரிதான். தாக்கோ என்பது நம் அடி எதிரி மேல் படுவதற்கான எண், குறையக் குறைய நல்லது. எதிரியின் கவசத்துக்கும் ஒரு எண் உண்டு, அதுவும் குறைந்தால்தான் நல்ல கவசம். அடிக்கும்போது கேம் உள்ளுக்குள்ளே இருபது முகப் பகடை ஒன்றை உருட்டும். தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் என்ன வருகிறதோ அதுவோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பட்டது என்று அர்த்தம்.

உங்கள் மகனின் ஆள் ஏழாம் லெவல் ஃபைட்டராக இருக்க வேண்டும், அடிப்படைத் தாக்கோ 14 என்றால் அந்த லெவல்தான். எதிரியின் கவசம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கில் நான்கு போனால் பத்து, பத்தோ அதற்கு மேலோ விழ வேண்டும், நூற்றுக்கு 55 தடவை விழும். அதே ஏழாம் லெவலில் கிளரிக்கின் தாக்கோ 16, அவருக்கு 45 தடவை. தீஃபுக்கு 17, அதாவது 40 தடவை. மேஜுக்கு 18, அதாவது 35 தடவை. போதாததற்கு ஏழாம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டு சுற்றுக்கு மூன்று அடி கிடைக்கத் தொடங்கும், மற்ற மூவருக்கும் சுற்றுக்கு ஒன்றுதான். கிளாஸ்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை ஒரே எண்ணில் பார்க்க வேண்டுமானால் தாக்கோவைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சண்டையைப் பார்த்தால் சட்டென்று பிடிபட்டுவிடும், தாராளமாக உட்காருங்கள்.

கேள்வி: தீஃப் என்னத்துக்கு? பொறி இருந்தால் ஃபைட்டரை முன்னால் விட்டு அடியை வாங்கிக்கொண்டு போகலாமே. ஒரு இடத்தைத் தீஃபுக்குக் கொடுப்பது வீண் என்பது என் கட்சி. (மொபைல் கடை வைத்திருப்பவர், மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் கட்சிக்கு ஒரு வரலாற்று ஆதாரம்கூட உண்டு. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதன்முதலில் வந்தபோது தீஃபே கிடையாது. சண்டைக்காரர், மந்திரவாதி, கிளரிக் என்று மூன்றுதான். தீஃப் அடுத்த வருஷம் ஒரு துணைப் புத்தகத்தில்தான் வந்தார். ஆனாலும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1981இல் ஆப்பிள் டூ கணினிக்கு வந்த விசார்ட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சண்டை முடிந்ததும் ஒரு பெட்டி கிடைக்கும், நல்ல பொருள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும், பெட்டிக்குப் பொறி இருக்கும். விஷ ஊசி என்றால் உங்கள் ஃபைட்டர் வாங்கிக்கொள்வார், சரி. ஆனால் டெலிபோர்ட்டர் என்ற பொறி மொத்தப் பேரையும் தூக்கி வேறெங்கோ போட்டுவிடும். வரைபடத்தைக் கையால் தாளில் வரைந்து விளையாடுகிற கேமில், ஆறு பேரும் குற்றுயிராக இருக்கும்போது, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பொறி ஃபைட்டரின் உயிர்ப் புள்ளியைத் தொடுவதே இல்லை, பிறகு அவரை முன்னால் நிறுத்தி என்ன பயன்?

பால்டர்ஸ் கேட்டில் தீஃப் இன்னும் நல்ல வேலைக்காரர். மறைந்து நின்று முதுகில் குத்தினால் முதல் நான்கு லெவலில் ஆயுதத்தின் சேதம் இரண்டு மடங்கு, ஐந்திலிருந்து மூன்று மடங்கு, ஒன்பதிலிருந்து நான்கு, பதிமூன்றிலிருந்து ஐந்து. எதிர்த் தரப்பு மேஜ் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரை முடிப்பதற்கு இதைவிடச் சுருக்கு வழி ஆரம்பத்தில் இல்லை. லெவலும் தீஃபுக்குச் சீக்கிரம் ஏறும்: முதல் பாகத்தின் 89,000 புள்ளியில் ஃபைட்டரும் மேஜும் கிளரிக்கும் ஏழாம் லெவலில் நிற்க, தீஃப் மட்டும் எட்டில் நிற்பார். 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸிலும் இதே போக்குதான், அங்கே ஃபைட்டர் எட்டு லெவல் வரை, கிளரிக்கும் மேஜும் ஆறு, தீஃப் ஒன்பது.

முழு இடத்தையும் கொடுக்க மனசில்லை என்றால் எல்ஃபை ஃபைட்டர்/தீஃப் என்று இரண்டு கிளாஸும் சேர்ந்த ஆளாக எடுங்கள். பொறியும் எடுப்பார், முன்வரிசையிலும் நிற்பார். ஆளே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: பார்ட் என்ற பாட்டுக்காரர் கிளாஸ் எந்த கேமில் நன்றாக இருக்கும்? (ஆட்டோ ஓட்டுநர், திங்கள்சந்தை)

பதில்: 1985இல் வந்த த பார்ட்ஸ் டேல். பாட்டுக்காரரின் பெயரிலேயே கேம். நடக்கும்போது ஒரு பாட்டு, சண்டையில் ஒரு பாட்டு என்று பாடிக்கொண்டே வருவார், பாடிப் பாடித் தொண்டை வற்றிவிட்டால் மதுக்கடைக்குக் கூட்டிப் போய்க் குடிக்கக் கொடுத்தால்தான் மறுபடி பாட்டு வரும். அந்த கேமுக்குப் பிறகு பல கேம்களில் பார்டை எல்லாம் கொஞ்சம் தெரிந்த, எதுவும் முழுசாகத் தெரியாத ஆளாக்கிவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டாம் பால்டர்ஸ் கேட்டில் வரும் பிளேட் என்கிற துணை வகை மட்டும் இதற்கு விலக்கு, இரண்டு கையிலும் வாள் பிடித்து நன்றாகவே சண்டை போடுவார்.

கேள்வி: நான் அடிமுறை படிக்கிறேன், அதனால் எனக்குச் சண்டை போடுகிற கிளாஸ்தான் பிடிக்கும். கூட விளையாடுகிறவர்கள் என்னைக் கிளரிக் எடுக்கச் சொல்கிறார்கள். பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போடுகிற வேலை எனக்கு எதற்கு? (வாசகர், குலசேகரம்)

பதில்: அடிமுறை படிக்கிற நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! உங்கள் ஆசானையே பாருங்கள். எந்த வர்மத்தில் தட்டினால் ஆள் விழுவான் என்று அவருக்குத் தெரியும், விழுந்தவனை எந்த இடத்தில் தட்டி எழுப்ப வேண்டும் என்றும் தெரியும், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவதும் அவர்தான். அவரை யாராவது மருந்து போடுகிறவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்குக் கோபம் வரும். கிளரிக்கும் அப்படித்தான்.

விதிகளைப் பாருங்கள். எட்டு முகப் பகடை, ஃபைட்டருக்கு அடுத்த உடம்பு அவருக்குத்தான். எந்தக் கனமான கவசமும் போடலாம், கேடயம் பிடிக்கலாம். வெட்டுகிற ஆயுதம் மட்டும் கூடாது, கதை, சுத்தியல், கவண் என்று மொத்துகிற ஆயுதம்தான். ஸ்பெல் விஷயத்தில் மேஜ் ஒவ்வொரு சுருளாகத் தேடிப் பிடித்து எழுதிக்கொள்ள வேண்டும், எழுதும்போது தவறிப் போனால் அந்தச் சுருளும் வீண். கிளரிக்குக்கு அந்தப் பாடு இல்லை, ஒரு படி திறந்தால் அந்தப் படியின் ஸ்பெல்கள் தாமாகவே வந்துவிடும். விஸ்டம் என்கிற ஞானத்தை 18 வைத்தால் முதல் படியில் கூடுதலாக இரண்டு. அதாவது மேஜ் ஒரே ஸ்பெல்லோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற முதல் லெவலில் கிளரிக் மூன்று ஸ்பெல்லோடு, இரும்புக் கவசத்தோடு நிற்கிறார்! ஹோல்ட் பெர்சன் வந்த பிறகு எதிரியை அசையவிடாமல் நிறுத்திவிட்டுக் கதையால் அடிக்கலாம், அசைய முடியாதவன் மீது அடி தப்பாது. பிணங்கள் எழுந்து வருகிற இடங்களில் அவற்றை விரட்டுகிற சக்தி வேறு.

மருந்து வேலையும் சாதாரணமில்லை. விசார்ட்ரியில் ஆள் செத்துவிட்டால், அங்கே கிளரிக் இடத்தில் இருக்கும் பிரீஸ்ட், டி என்ற ஸ்பெல்லால் எழுப்பப் பார்ப்பார், பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலிலிருந்து எழுப்ப கடோர்டோ என்று ஏழாம் படியில் ஒரு ஸ்பெல் இருக்கிறது, அதுவும் பலிக்காவிட்டால் அந்த ஆள் ஒரேயடியாகப் போய்விட்டார், பட்டியலிலிருந்து பெயரே நீங்கிவிடும். எத்தனையோ நாள் வளர்த்த ஆளின் உயிர் அந்தப் பிரீஸ்டின் கையில் இருக்கும்போது அவரைப் பின்வரிசை வேலையாள் என்று எப்படி நினைக்க முடியும்? எடுங்கள், தைரியமாக எடுங்கள்.

கேள்வி: டயாப்லோ முதல் பாகத்தில் வாரியரும் சோர்சரரும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே ஸ்பெல்லைப் போடுகிறார்கள். பிறகு கிளாஸ் எதற்கு? (மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், குளச்சல்)

பதில்: கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். 1996 கடைசியில் வந்த டயாப்லோவில் வாரியர், ரோக், சோர்சரர் மூவரும் எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம், மேஜிக் புள்ளி போதுமான அளவு இருந்தால் சரி. வித்தியாசம் உச்ச வரம்பில்தான் இருக்கிறது. வாரியரின் பலம் 250 வரை ஏறும், மேஜிக் 50இல் நின்றுவிடும். சோர்சரருக்கு மேஜிக் 250, பலம் 45. ரோக்கின் கைவேகம் 250. புள்ளி வரம்பு 50 என்றால் பெரிய புத்தகங்களைப் படிக்க மேஜிக்கைக் கூட்டுகிற மோதிரமும் மாலையும் தேடித்தான் ஆக வேண்டும், ஆக வாரியரால் முடியும், ஆனால் வாரியருக்கு அது விலை கூடிய வழி. கூடவே ஆளுக்கொரு தனிக் கைத்தொழில் உண்டு: வாரியர் ஆயுதத்தைப் பழுது பார்ப்பார், ரோக் பொறியை எடுப்பார், சோர்சரர் மந்திரக் கோலுக்கு மறுபடி சக்தி ஏற்றுவார்.

இரண்டாயிரத்தில் வந்த இரண்டாம் பாகம் இதை முழுக்க மாற்றிவிட்டது. அமேசான், பார்பேரியன், நெக்ரோமான்சர், பாலடின், சோர்சரஸ் என்று ஐந்து கிளாஸ், ஒவ்வொருவருக்கும் மூன்று கிளைகளில் முப்பது திறமை, ஒருவருடையது மற்றவருக்குக் கிடையாது. அடுத்த வருஷம் டிரூயிடும் அசாசினும் சேர்ந்தார்கள். எனக்கு இரண்டாம் பாகத்தின் வழிதான் பிடிக்கும். நெக்ரோமான்சராக ஆடும்போது எலும்புக்கூடுகளை முன்னால் அனுப்பிவிட்டு, விழுந்த எதிரியின் பிணத்தையே வெடிக்க வைத்துப் பக்கத்தில் நிற்பவர்களை வீழ்த்துகிற அந்த ஆட்டம், பார்பேரியனின் ஆட்டத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத வேறு ஆட்டம். கிளாஸ் மாறினால் நம் கை செய்கிற வேலை மாற வேண்டும், எண் மட்டும் மாறினால் போதாது.

கேள்வி: மல்டி கிளாஸ் நல்லதா, டூயல் கிளாஸ் நல்லதா? (ஐ.டி. ஊழியர், கருங்கல்)

பதில்: முதல் தடவை ஆடுகிறீர்கள் என்றால் மல்டி. காரணம் சொல்கிறேன். மல்டி என்பது எல்ஃப், ட்வார்ஃப் போன்ற மனிதரல்லாத இனங்களுக்கு. வருகிற புள்ளி இரண்டாகப் பிரிந்து இரண்டு கிளாஸும் சேர்ந்தே வளரும், எப்போதும் ஒரு லெவலோ இரண்டோ பின்னால் இருப்பீர்கள், ஆனால் எப்போதும் பயன்படுவீர்கள். டூயல் மனிதருக்கு மட்டும். பழைய கிளாஸின் முக்கியக் குணம் 15 இருக்க வேண்டும், புதியதற்கு 17. மாறியதும் முதல் லெவலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், புதிய லெவல் பழையதைத் தாண்டும் வரை பழைய திறமை எதுவும் வேலை செய்யாது.

ஒன்பதாம் லெவல் ஃபைட்டராக இருந்து மேஜாக மாறினால் பத்தாம் லெவல் மேஜ் ஆக வேண்டும், அதற்கு 2,50,000 புள்ளி. அவ்வளவு தூரமும் அந்த ஆளைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டால் அவரை அடிக்க ஆளில்லை என்பது உண்மைதான், ஃபைட்டரின் உடம்பில் மேஜின் பாதுகாப்பு ஸ்பெல்கள் ஏறிவிட்டால் நான் பார்த்ததிலேயே பலமான ஆள் அவர்தான். இரண்டாம் பாகம் உங்களை 89,000 புள்ளியோடு ஆரம்பிக்கவிடுவதால் டூயலை அங்கே முயன்று பாருங்கள், முதல் பாகத்தில் வேண்டாம்.

கேள்வி: சண்டையில் கெட்டிக்காரனா என்று பார்க்காமல் குணத்தைப் பார்க்கிற கேம் எதுவும் உண்டா? மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று கேட்கிறேன். (பள்ளி ஆசிரியை, இரணியல்)

பதில்: உண்டு டீச்சர், 1985இல் வந்த நான்காம் அல்டிமா. அதில் கிளாஸை நீங்கள் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஆரம்பத்தில் குறி சொல்கிற ஒரு பெண் உங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பாள். இரண்டு நல்ல குணங்கள் மோதுகிற ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இங்கே நேர்மையா, இரக்கமா, எதைப் பிடித்துக்கொள்வாய் என்பாள். இரண்டும் நல்லதே, அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம். உங்கள் பதில்களில் எந்தக் குணம் கடைசியாக நிற்கிறதோ அதற்குரிய கிளாஸ் உங்களுக்கு.

நேர்மைக்கு மேஜ், இரக்கத்துக்கு பார்ட், வீரத்துக்கு ஃபைட்டர், நீதிக்கு டிரூயிட், தியாகத்துக்கு டிங்கர், கௌரவத்துக்கு பாலடின், ஆன்மிகத்துக்கு ரேஞ்சர், பணிவுக்கு ஷெப்பர்ட் என்கிற ஆடு மேய்ப்பவர். எட்டுப் பேருக்கும் எட்டு ஊர் உண்டு. ஷெப்பர்ட்தான் இருப்பதிலேயே பலவீனமான கிளாஸ், நல்ல ஆயுதம் கிடையாது, மந்திரமும் கிடையாது, ஊரான மஜின்சியா கர்வத்தால் அழிந்து பேய்கள் திரிகிற இடிபாடாகக் கிடக்கிறது. பணிவைத் தேர்ந்தெடுத்தவருக்கு கேம் எந்தச் சலுகையும் தருவதில்லை, அங்கேயிருந்துதான் நீங்கள் நடக்க ஆரம்பிக்க வேண்டும். மற்ற ஏழு கிளாஸ்காரர்கள் வழியில் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். கடைசியில் கொல்வதற்கு ஒரு பெரிய வில்லன் இல்லை, எட்டுக் குணங்களிலும் தேறி அவதார் ஆவதுதான் கேமின் நோக்கம். கண் தெரியாத வியாபாரியிடம் காசைக் குறைத்துக் கொடுத்தால் ஏமாற்றிவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் நேர்மைக் கணக்கில் அது ஏறிவிடும். தாராளமாக மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இங்கிலீஷ் கொஞ்சம் பழையதாக இருக்கும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, போனில் ஆட முடியுமா? (வாசகர், அருமனை)

பதில்: பால்டர்ஸ் கேட்டின் என்ஹான்ஸ்டு எடிஷன் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் வந்திருக்கிறது. எழுத்து சின்னதாக இருக்கும், டேப்லட் இருந்தால் கண்ணுக்கு நல்லது.

கேள்வி: முதல் தடவை பால்டர்ஸ் கேட் ஆடப் போகிறேன். ஆறு பேர் யார் யார்? நான் என்ன கிளாஸ் எடுக்க வேண்டும்? நேராகப் பெயர் சொல்லுங்கள் சார், சுற்றி வளைக்க வேண்டாம். (பூ வியாபாரி, தோவாளை)

பதில்: நேராகவே சொல்கிறேன். உங்கள் கிளாஸைக் கடைசியில் முடிவு செய்யுங்கள், முதலில் வழியில் யார் சேருவார்கள் என்று பாருங்கள். கிளம்பியதுமே இமோயென் வருவார், அவர் தீஃப். ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன்னில் காலிதும் ஜஹைராவும் காத்திருப்பார்கள், காலித் ஃபைட்டர், ஜஹைரா ஃபைட்டரும் டிரூயிடும் சேர்ந்தவர், அவர்கள் கணவன் மனைவி, ஒருவரை அனுப்பினால் மற்றவரும் கூடவே போய்விடுவார். நாஷ்கெல் ஊரில் மின்ஸ்க் கிடைப்பார், ரேஞ்சர், பூ என்ற வெள்ளெலியைக் கூடவே வைத்திருக்கிற பெரிய மனசுக்காரர். நோல் என்கிற அரக்கர்களின் கோட்டையில் அடைபட்டிருக்கும் டைனாஹெயிரை மீட்க வேண்டும் என்று கேட்பார், தள்ளிப்போடாமல் போய் மீட்டுவிடுங்கள், ரொம்ப நாள் இழுத்தடித்தால் கோபித்துக்கொள்வார். டைனாஹெயிர் மேஜ். இவர்களும் ஜோடிதான், சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள்.

ஆக ஐந்து பேர் ஆயிற்று. முன்வரிசைக்கு மூன்று பேர், பொறிக்கு ஆள், மந்திரத்துக்கு ஆள் எல்லாம் இருக்கிறார்கள். டிரூயிட் கொஞ்சம் காயம் ஆற்றுவார் என்றாலும் முழு கிளரிக் இல்லை, அந்த ஒரு இடம்தான் காலி. அதனால் நீங்கள் ட்வார்ஃப் எடுத்து ஃபைட்டர்/கிளரிக் மல்டி வையுங்கள். முதல் நிமிஷத்திலிருந்து கவசத்தோடு நிற்கலாம், யாரையும் நம்பாமல் உங்கள் காயத்தை நீங்களே ஆற்றலாம், எதிரியின் மந்திரத்துக்கும் விஷத்துக்கும் ட்வார்ஃபுக்குப் பிறப்பிலேயே கூடுதல் எதிர்ப்பு உண்டு. கான்ஸ்டிட்யூஷன் 18க்குக் குறையாமல் வையுங்கள், அந்த எதிர்ப்பு அதைப் பொறுத்துத்தான் கூடும். ஆயுதத்துக்குக் கூர்மையானது எதையும் பார்க்காதீர்கள், உங்களில் பாதி கிளரிக் என்பதால் வாளைத் தொட முடியாது, சுத்தியலில் புள்ளியைப் போடுங்கள். இந்த ஆறு பேரோடு நாஷ்கெல் சுரங்கத்துக்குள் போனால் திரும்பி வருவதில் சிரமம் இருக்காது.